ஃபைல் வெளியே போகாது

அந்தரங்கக் காவலர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்கவே முடியாது. ஏனென்றால் "ஒருத்தரும் இங்கே பார்க்கக்கூடாது" என்று அவர்கள் போடுகிற சத்தத்தில்தான் நாம் திரும்பியே பார்க்கிறோம்.

வங்கி இயந்திரத்தின் முன்னால் குடையை விரித்து முதுகுக்கு ஒரு மறைப்புக் கட்டி, இடது கையால் பொத்தான்களை மூடி, மூக்குக் கண்ணாடி தட்டுகிற அளவுக்குக் குனிந்து, அப்புறம் அந்த நாலு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்துகிறவர் இந்த இனம். பட்டிப்பொலையில் ரயில் நிற்கும்போது இவர் தொடங்குகிற கைத்தொலைபேசிப் பேச்சு ஹட்டன் வரைக்கும் நீளும். "இது உனக்கும் எனக்கும் மட்டும்" என்று அதில் பதினாறு தரம் வரும். மூன்றாம் வகுப்புப் பெட்டி மொத்தமும் தலையாட்டி ஒப்புக்கொள்ளும். கடித உறையின் மேல் சிவப்பு மையால் 'அந்தரங்கம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போடுவார். சும்மா போயிருந்தால் அந்தக் கடிதத்தை யார் சீந்தப் போகிறார்கள்?

இப்போது, இந்த இரண்டாயிரத்து ஒன்பதில், இந்த இனத்தின் கைக்குக் கம்பியூட்டரும் வந்துவிட்டது. கேட்க வேண்டுமா?

உதாரணத்துக்கு ஒருவரைச் சொல்கிறேன். பெயர் சொல்வது நாகரிகமில்லை. குணரத்தினம் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரும் அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கணிதம் படிப்பிக்க ஹட்டனுக்கு வந்து இருபது வருடமாகிறது. நல்ல மனிதர். பத்துப் பைசா வாங்காமல் உதவி செய்வார். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் நாகலெட்சுமி அக்கா நடத்துகிற இண்டர்நெட் கடையில், பள்ளிக்கூடம் விட்டதும் வந்து உட்கார்ந்துவிடுவார். ஃபைல்களின் அளவைக் குறைத்துக் கொடுப்பது அவருடைய தருமம். நாலு எம்பி ஃபைலைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். குறைப்பதிலும் அவர் வழி தனி வழி.

"மற்றவை என்ன செய்யினம்?" என்று கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் கேட்பார். "ஃபைலைக் கொண்டுபோய் எங்கையோ ஒரு தேசத்தில இருக்கிற மெசினுக்கு அனுப்பி, அங்கை குறைப்பிச்சு, திருப்பி எடுக்கினம். அவன் அதைத் திறந்து பார்க்கமாட்டானோ? நான் செய்யிறது பிரவுசருக்குள்ளயே. குறைக்கிற வெப் பக்கத்தை ஒருக்காத் திறந்தால் போதும், வேலை முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளதான். ஃபைல் வெளியில போகாது!"

இதைச் சொல்லும்போது அவர் குரல் கீழே பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். நான் இரண்டாவது கம்பியூட்டரில் இருந்தேன். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற மீனம்மாவும் அவர் மகள் தனுஜாவும் படியேறி வந்தார்கள். பக்கத்திலே நுவரெலியாவில் இல்லாத கடையா? இருக்கிறது. அங்கே தெரிந்த முகங்களும் இருக்கின்றன. அதனால்தான் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் பல்வலி என்று சொல்லி வேலைக்கு நிற்காமல், பஸ் மாறி மாறி ஹட்டனுக்கு வந்திருக்கிறார்கள். கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்கிற இரண்டு வருடத் தாதியர் பயிற்சிக்குத் தனுஜா விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கெடு அன்று மாலை நாலு மணியோடு முடிகிறது. நிரப்பிய படிவமும் சான்றிதழ்களும் ஒவ்வொன்றும் இருநூறு கேபிக்கு மேலே போகக்கூடாது. இவள் ஸ்கேன் பண்ணிக் கொண்டுவந்ததோ ஒவ்வொன்றும் நாலு எம்பி.

மணி இரண்டரை. மாஸ்டரைவிட்டால் வேறு யார்?

தனுஜா அவர் காதோரம் குனிந்து, "சார், யாருக்கும் தெரியக்கூடாதுங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். மாஸ்டருக்கு அருள் வந்துவிட்டது. எழுந்து நின்றார். "எல்லாரும் அங்கால திரும்புங்கோ! இந்தப் பிள்ளையின்ர விசயம் ரகசியம்!" என்றார். அதுவரை அவளை ஏறெடுத்தும் பார்க்காத நாங்கள் நாலு பேரும் அவளை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டோம். அடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, ஃபைல் வெளியே போகாது என்பதற்குச் சாட்சியாக மேசைக்கு அடியில் குனிந்து நெட் வயரைப் பிடுங்கினார். வயர் அவருடைய கம்பியூட்டருக்கு மட்டும் உரியதா? இல்லை.

"சார்! என்னா சார் இது, வயரப் புடுங்கிட்டீங்களா? அஞ்சு கம்பியூட்டரும் செத்துப் போச்சே!" என்று நாகலெட்சுமி அக்கா ஓடிவந்தார். வேலை கெட்ட நாங்கள் நாலு பேரும் வேறு என்ன செய்வது? மாஸ்டரின் கதிரையைச் சுற்றி வந்து நின்றோம்.

மாஸ்டர் எதையும் கவனிக்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகக் குறைத்தார். கடைசி ஃபைலும் நூற்றெண்பது கேபிக்கு இறங்கியதும் கையைத் தட்டினார்.

"முடிஞ்சுது! உங்கட ஃபைல் எல்லாத்தையும் நான் அமுக்கிப்போட்டன்!"

மீனம்மாவின் முகம் செத்துவிட்டது.

"அமுக்கிட்டீங்களா? ஐயோ சார், நாங்க ஒங்களுக்கு என்னா பாவம் பண்ணுனோம்? எங்கப்பாவோட பிரஜாவுரிமை ஃபைல இப்பிடித்தான் கச்சேரி ஆபீசுல அமுக்குனாங்க. பதினெட்டு வருசம் நடையா நடந்தாரு, செத்தே போனாரு. இப்ப எம்புள்ள ஃபைலயும் அமுக்கிட்டீங்களே!"

தோட்டத்தில் ஃபைலை அமுக்குவது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். எடுத்து அடியில் போட்டு, மேலே உட்கார்ந்துகொள்வது. மீனம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். மகள் கையைப் பிடிக்கிறாள். மாஸ்டர் பதறிப்போனார். களவு செய்தவன் என்ற பெயரை யாழ்ப்பாணத்து வாத்தியார் தாங்குவாரா?

"அம்மா, அம்மா, அழாதையுங்கோ! ஃபைல் இருக்கு! இந்தா பாருங்கோ, வாசிச்சே காட்டுறன்!"

வாசித்தார். மாஸ்டர் வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தார். பெயர், பிறந்த தேதி, தோட்டம், இரண்டாம் தரம் எழுதித் தேறிய பாடம், கொழும்பு விடுதியில் இரண்டு வருடம் தங்கச் சம்மதம், திருமணமாகாதவர்.

"திருமணம் நிச்சயமாகியிருந்தால் அதையும் போடச் சொல்லுது, பிள்ளை. ஆகேல்லைத்தானே?"

மீனம்மாதான், அழுகையோடு அழுகையாக, ஆவணியில் தன் அண்ணன் சிவசாமியின் மகனுக்கு இவளைக் கட்டிக்கொடுக்கப் பேசி வைத்திருப்பதையும், கொழும்பு விசயம் அண்ணனுக்குத் தெரிந்தால் கடுதாசியைக் கிழித்து அடுப்பில் போடுவார் என்பதையும் எங்கள் நாலு பேர் முன்னால் கொட்டித் தீர்த்தார்.

நாகலெட்சுமி அக்கா வயரைச் செருகினார். நெட் உயிர்பெற்று, ஃபைல்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. எனக்கு ஒரு பிளேண்டி குடிக்கவேண்டும் போலிருந்தது. இறங்கிக் கீழே தேநீர்க் கடைக்குப் போனேன். கந்தப்பளையில் இருக்கிற என் சகலைக்குச் சும்மா ஒரு போன் கோல் எடுத்தேன். உலக நடப்புப் பேசினோம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மூன்று தரம் சொல்லித்தான் சொன்னேன்.

நான் படியேறி வந்தபோது மணி மூன்று முப்பத்தைந்து. இரண்டு ஃபைல் பாக்கி. தனுஜாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அதைத் தாயிடம் நீட்டினாள்.

"மாமா..."

மீனம்மா போனை வாங்கினார். சிவசாமியின் குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. "ஹட்டன்ல என்னா பண்றீங்க? கொழும்புக்கு ஃபைல் அனுப்புறீங்களாமே? எனக்குத் தெரியாம அவ்வளவு தைரியமா?"

மீனம்மா மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். சற்றுமுன் அழுத அதே பெண்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"எங்கேண்ணே அனுப்புறது? இங்க ஒரு வாத்தியாரு, எங்க ஃபைல எல்லாம் அமுக்கிட்டாருண்ணே."

போனில் ஒரு சிரிப்பு கேட்டது. "நான் சொல்லல? நம்ம ஃபைலயெல்லாம் எவன் மேல அனுப்புவான்? அமுக்கத்தான் செய்வானுங்க. பேசாம வீட்டுக்கு வாங்க."

மூன்று ஐம்பத்தொன்றுக்குக் கடைசி ஃபைலும் போய்ச் சேர்ந்தது. தனுஜா அழுதாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மாஸ்டர் மட்டும் எழுந்து சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, "கண்டியளோ, ஒரு விசயம் வெளியில போகேல்லை" என்றார்.

நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்துவிட்டது. தோட்டத்து முகவரிக்கு வரவில்லை. நாகலெட்சுமி அக்காவின் கடை முகவரிக்கு வந்தது. வருகிற வியாழன் விடியற்காலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் கொழும்புக்குப் புறப்படுகிறார்கள். பல் பிடுங்கப் போவதாகத் தோட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள். சிவசாமிக்கு ஒரு சொல் எட்டினால் போதும், அந்தப் பஸ்ஸில் அவள் ஏறமாட்டாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நாகலெட்சுமி அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். நானும் உங்களைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. நீங்கள் அப்படிப்பட்ட ஆளில்லை, எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வரைக்கும்தானே? வாயைப் பொத்திக்கொண்டிருங்கள்.

என்ன யோசிக்கிறீர்கள்? 'இவரிடம் மட்டும் சொன்னால் என்ன, இவர் யாரிடமும் சொல்லமாட்டார்' என்று ஒரு முகம் ஞாபகத்துக்கு வருகிறதா?

என் சகலையைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன்.