புல்லு சார் வளர்த்த சாக்கடை

சாக்கடையைப் பார்த்து “அடடா!” என்று உருகிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில், அதுவும் என் பக்கத்து வீட்டில் வந்து வாய்த்தார்.

எழுபதுகளில் நான் ஒரு பீங்கான் ஆலையில் குமாஸ்தா. அவர் சூளை சூப்பர்வைசர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் புல்லு சார். விரிசல் விட்டுக் கழித்துப்போட்ட குழாய்களைப் பொறுக்கி வந்து, ஆலைக் குவார்ட்டர்ஸ் கழிவுநீரையெல்லாம் பின்பக்கப் பள்ளத்துக்குத் திருப்பி, பாத்தி கட்டித் தண்ணீர்ப்புல் போட்டிருந்தார். புல் ஆள் உயரம் நின்றது. அதை யார் அறுத்துப் போகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கடைசிப் பாத்தியில் வழிகிற தண்ணீரில் நாற்றமே இருக்காது. தவளைகள் குடித்தனம் நடத்தின.

“தண்ணியில இருக்குற சத்தையெல்லாம் புல்லு உறிஞ்சிக்குதுங்க. அப்படியே மணிமுத்தாத்துல வுட்டா ஆறு பாசி புடிச்சி நாறிப்போவும். நல்ல உரத்தை யாராவது ஆத்துல கொட்டுவாங்களா?” என்பார், நாம் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் எந்த வீட்டுக் குழாயில் என்ன வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஒருநாள் தெருவே கேட்கும்படி, “தலைவரே, நேத்து உங்க வூட்டுல வடையா? எண்ணெ மெதக்குது. எம் புல்லுக்கு மூச்சு முட்டுதுங்க!” என்றார். எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கத் தலைவரோ, முந்தின நாள் முழுக்க ஏகாதசிப் பட்டினி என்று சொல்லித் திரிந்தவர்.

தலைவர் சும்மா விடவில்லை. கெட்டிக் காபியை ருசித்தபடியே மனு எழுதி, பள்ளத்தை மூட நிர்வாகத்திடம் உத்தரவு வாங்கிவிட்டார். கோடைக்காலம். ஞாயிற்றுக்கிழமை காலை, உடைந்த பீங்கான் ஏற்றிய லாரி வந்து நின்றது. புல்லு சார் முழங்கால் சேற்றில் போய் நின்றார்.

அப்போது எங்கள் பால்காரம்மா அரிவாளோடு வந்தார். தலைவர் பதறிப் பின்வாங்கினார்.

“பயப்படாதீங்க, புல்லறுக்க வந்தேன். ஊரே காஞ்சி கெடக்குது. இதையும் மூடிட்டா மாட்டுக்கு என்னாத்தப் போடுறது? நாளையிலேருந்து பாலு கெடையாதுங்க.”

“எந்த மாட்டுக்கு?”

“உங்க காபிக்குக் கறக்குற மாட்டுக்குத்தான். கெட்டிப் பாலுன்னு நீங்கதான மெச்சுனீங்க?”

அதற்குள் தலைவர் வீட்டு வாசலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “காபி இல்லாம உங்களோட என்னால குடும்பம் நடத்த முடியாது. மொதல்ல லாரியத் திருப்பச் சொல்லுங்க!”

லாரி திரும்பியது. குவார்ட்டர்ஸே கைதட்டியது. புல்லு சார் சேறு சொட்டச் சொட்டத் தெருவில் ராஜா மாதிரி நடந்து வந்து, தலைவர் வாசலில் நின்றார்.

“இன்னிக்கி வடை சுடுங்க தலைவரே, நானும் சாப்புட வரேன். எண்ணெய மட்டும் குழாயில வுட்றாதீங்க.”

இன்றும் என் வீட்டில் வடை சுட்டால், மிச்ச எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற நான் விடுவதில்லை. அவர் புல்லுக்கு மூச்சு முட்டுமே.