மச்சினனுக்குப் போன மன்னிப்பு

தூரப்பார்வை என்று டாக்டர் சொன்னதில் குமாரசாமிக்கு அத்தனை பெருமை. பனியன் கம்பெனியில் நடந்த கண் முகாமிலிருந்து வந்தவர், தெருமுனையில் திரும்பிய டவுன் பஸ்ஸின் நம்பரை வாசலில் நின்றே படித்துக் காட்டினார்.

"பாத்தியா நல்லம்மா? பருந்துக் கண்ணு."

மனைவி நல்லம்மாள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பனியனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தூரத்துல இருக்கறது தெரியுமுங்க. கிட்ட இருக்கறது மங்குமுங்க. அதுக்குப் பேருதானுங்க தூரப்பார்வை. கண்ணாடி போடோணும்னு டாக்டர் சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தார். குமாரசாமி அதை மட்டும் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

கண்ணாடி அவருக்கு ஆகாது. காரணம், நல்லம்மாளின் தம்பி பூபாலன். மகள் கல்யாணப் பந்தியில், பாயசத்தில் மிதந்த ஈயைத் திராட்சை என்று வாய்க்குக் கொண்டுபோனவரைப் பிடித்து நிறுத்தி, "மச்சானுக்குக் கண்ணாடி வேணுமுங்க" என்று ஊர் கேட்கச் சொன்னவன். அன்றோடு பேச்சு அறுந்தது.

மறுநாள் கம்பெனியில் தான் சரக்குப் பார்க்கும் செக்கிங் டேபிளில், ஓட்டை விழுந்த பனியன்களை நல்ல சரக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ், அவர் மகன் வயசுக்காரன், ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். பெண்கள் சிரித்தார்கள். லைட் சரியில்லை என்று குமாரசாமி எகிறினார். கண்ணாடியோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வரவேண்டாம் என்றுவிட்டான்.

வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தார். கண்ணாடி போடாமல் வேலையைக் காப்பாற்ற ஒரே வழி, ஆரோக்கியராஜை நாட்டுக்கோழி போட்டு மடக்குவது. நேரில் கூப்பிட வெட்கம். வாட்ஸப்பில் பேசி அனுப்பச் சொன்னவள் நல்லம்மாள். அவளே போனைத் திறந்து நீட்டினாள். மேலே படம் இருந்த வட்டத்துக்குள் மங்கலாக ஒரு மீசை தெரிந்தது.

"தம்பி, தப்பு என்மேலதானுங்க. கண்ணு செரியில்லாதவன் நாந்தான். வீம்புக்குப் பேசிப்போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்குச் சாப்புட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கோழி கொதிக்கும்போது தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. அவ்வளவு தூரத்திலும் குமாரசாமிக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பூபாலன்.

உள்ளே ஓடுவதற்குள் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "தம்பின்னு கூப்புட்டுட்டீங்களே மச்சான். நீங்க பேசுனத குடும்ப குரூப்புல போட்டுட்டேனுங்க. சொந்தமெல்லாம் கேட்டாச்சு."

அந்தப் பாயசத்து ஈயாகவே செத்திருக்கலாம் என்றிருந்தது குமாரசாமிக்கு.

பூபாலன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினான். டாக்டரிடம் அக்காவே போய்ப் பவரைக் கேட்டு வந்து செய்யச் சொன்னதாம். ஆரோக்கியராஜிடமும் பேசிவிட்டதாம்.

கண்ணாடி வழியே குமாரசாமிக்குக் கிட்டத்தில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது, நல்லம்மாள் முந்தானைக்குள் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்புதான்.