அவசரக்கா கடையைப் பூட்டிய கதை

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உட்கார்ந்து சோறு தின்னாத ஒரே மனுஷி அவசரக்காதான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்த காலத்தில், பஸ் நிற்கும் இடத்தில் அவருக்கு ஒரு தகரக் கடை. முதலில் வடை மட்டும்தான் விற்றார். வடைக்குத் தேத்தண்ணி வேண்டுமே என்று கேத்தல் வந்தது. பிறகு போனுக்குக் காசு போடும் ரீலோட், தையல் மெஷின், கடைசியாகக் கோழிகள். கோழிகள் மெஷின் மேலேயே முட்டையிட்டன.

ஒருநாள் ரீலோட் போடச் சொன்னேன். ஒரு கையில் வடையைத் திருப்பிக்கொண்டே மறு கையால் நம்பரை அழுத்தினார். என் காசு வேறு நம்பருக்குப் போய், கலவானயிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அக்காவை அழைத்து நன்றி சொன்னார்.

"போனா போகுது சார், நல்ல மனுசன்! இந்தா வாறேன், இருங்க!" என்றார் அக்கா.

எங்கள் தலைமையாசிரியை தைக்கக் கொடுத்த சட்டையில் பொத்தானுக்குப் பதில் கடலைப்பருப்பு ஒட்டியிருந்தது. அந்த வாரமே தேத்தண்ணியில் உப்பு, வடையில் சீனி. பஸ் டிரைவர் ஒரு கடி கடித்துவிட்டு, "அக்கே, மே மொகத?" என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மறுநாளிலிருந்து பஸ் எதிர்க்கடை வாசலில் நின்றது.

அக்கா இன்னும் வேகமாக ஓடினார். ஒரு காலை அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். தேயிலை பக்டரியிலிருந்து ஓடி வந்த புருஷன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சொன்னார்:

"கடையா ஓடுது? நீதான்டி ஓடுற."

அக்கா எழுந்து உட்கார்ந்து அவரை முறைத்தார். ஆனால் மெஷின் தையல்காரரிடம் போனது. கோழிகள் குழம்புக்குப் போயின. மிஞ்சியது வடையும் தேத்தண்ணியும். வடை பழையபடி மொறுமொறுவென்று வந்ததும் பஸ்ஸும் திரும்பி வந்தது. மதியத்துக்குள் சட்டி காலி, கடைக்குப் பூட்டு.

அதற்குப் பிறகுதான் தொல்லை. வேலையில்லாத அக்கா ரோட்டைக் கூட்டினார். பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொன்னார். என் குடைக்கம்பியை நிமிர்த்துகிறேன் என்று முறித்தார்.

"கை சும்மா இருந்தா பயமா இருக்கு சார். எல்லாம் நின்னுருமோன்னு தோணுது."

"நிக்கலையே அக்கா. அடுப்பு தினமும் எரியுதே."

"அதான் சார், நம்பவே முடியல."

நான் மாவனல்லைக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒரு பகல் அந்த வழியே வந்தவன், வடை ஆசையில் இறங்கினேன். கடை பூட்டியிருந்தது. வெளி வாங்குப் பலகையில் அக்கா வாயைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வெயில். என் புதுக்குடையை விரித்து, வெயில் படாமல் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். பெல்மதுளையில் இறங்கும்போது நல்ல மழை. நனைந்துகொண்டே நடந்தேன், அக்காவை எழுப்பியிருக்கலாமே என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.