சாப்பாட்டுக்குப் பின் ஒரு டெஸ்ட் டிரைவ்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த நாத்தனார் சிட்டுவுக்கு, அண்ணியின் ஆசிகள். நலம் என்ற சொல்லை இந்த வீட்டில் இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் எழுதுவதில்லை. அவர் அனுமதித்த அளவுக்கு நானும் உன் அண்ணனும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் யாரையும் கேட்காமலே நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், உன்னைச் சமாதானப்படுத்துவதற்குள் என் தெம்பு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். பேனா பிடிக்க இன்று விரல் மறுக்கிறது. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதுகிறார். தன்னைத் திட்டும் இடங்களையும் ஒரு எழுத்து விடாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

முதலில் உனக்கு நன்றி. மருத்துவமனையில் அந்த உணவு ஆலோசகரைப் பார்க்க நீ மட்டும் அலைந்து நேரம் வாங்கித் தராமல் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தைச் சொல்லக்கூட எனக்குக் குரல் இருந்திருக்காது. நடந்ததைக் கேள். எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று சொன்ன அன்று, நரம்புகளின் மேலுறை அங்கங்கே பழுதாகிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். பஸ் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவரிடம் இப்படியா விளக்குவது? வயரின் மேலுறை போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாதா என்று உன் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்துவிட்டார். மருந்து மாத்திரையை நிறுத்தவில்லை, அந்த மட்டும் நான் பிழைத்தேன். ஆனால் உள்ளே போகும் எரிபொருள் சரியாக இருந்தால் வண்டி தானாக ஓடும் என்பது அவர் கட்சி.

பணிமனையில் எந்த வண்டியையும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்களாம். ஆகவே நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் முன்கூடத்தில் கதவு வரை நடந்து திரும்ப வேண்டும், இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். நடை நேராக இருந்தால் தட்டில் இருந்ததெல்லாம் பாஸ், கால் இழுத்தால் தட்டில் இருந்ததெல்லாம் குற்றவாளி. காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு நடந்தால் ராணுவ நடைதான். மதியம் கத்தரிக்காய் சாப்பிட்டேன், கால் பின்னியது, கத்தரிக்காய்க்குத் தடை. அடுத்து மீன் போயிற்று, அப்புறம் முட்டை, அப்புறம் பருப்பு, கடைசியில் சோறே போயிற்று. ஒவ்வொரு தடைக்கும் ஆதரவாகச் செல்போனில் யாராவது ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசினார். பாலை நிறுத்தச் சொன்னது எதிர்வீட்டுக்காரர், அவருக்குக் கோட்டுகூட இல்லை. முடிவில் எங்கள் வீட்டில் மிஞ்சியது கஞ்சியும் வெள்ளரிக்காயும்தான். ரவிக்கை தோளில் நிற்கவில்லை, டம்ளரைத் தூக்கத் தெம்பில்லை. என்னோடு சேர்ந்து அதையே சாப்பிட்டதில் உன் அண்ணனின் பெல்ட்டிலும் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. நோய் முற்றிவிட்டது என்று அவர் ஓர் அறையிலும் நான் இன்னோர் அறையிலும் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் நீ ஏற்பாடு செய்த ஆலோசகர் அம்மாவிடம் போனோம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார், பதிலை உன் அண்ணன் சொன்னார். நான் அவங்களைத்தான் கேட்டேன் என்று அந்த அம்மா இன்னொரு தரம் கேட்டார். உன் அண்ணன் அடங்கவில்லை, தன் பரிசோதனை முறையைப் பெருமையாக விளக்கினார். அந்தக் கூடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் கேட்க, கண்ணாடிக் கூரை என்றார் இவர். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இந்த நோய்ல உடம்பு சூடேறினா கால் அப்படித்தான் தடுமாறும். தப்பெல்லாம் மத்தியான வெயில் பண்ணியிருக்கு. நீங்க சோத்தைப் புடிச்சு உள்ள போட்டுட்டீங்க."

இந்த நோயைத் தீர்க்கும் சாப்பாடு என்று ஒன்று கிடையாதாம். எல்லோரும் சாப்பிட வேண்டியதையே நானும் சாப்பிட வேண்டுமாம்: காய், பழம், பருப்பு, மீன், முட்டை, தவிடு போகாத தானியம். உப்பு, சர்க்கரை, பொரித்தது குறைவாக. விட்டமின் டி மாத்திரை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும். கழிப்பறைக்கு ஓட முடியாது என்று நான் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்ததையும் கண்டுபிடித்துவிட்டார். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வந்து அவதி இரட்டிப்பாகும், கழிப்பறை அவசரத்துக்கு டாக்டரிடம் வழி கேளுங்கள் என்றார். வெயில் ஏறுவதற்கு முன்னால், உட்கார்ந்தபடி சமைக்கச் சொன்னார். இப்போது சாப்பிடுகிறேன், டம்ளர் மறுபடி என் பேச்சைக் கேட்கிறது. நோய் அப்படியே இருக்கிறது, பட்டினிதான் போயிற்று. உன் அண்ணனும் ஏதோ ஒரு ஸ்டூல் செய்து போட்டிருக்கிறார்.

ஆகவே சிட்டு, உன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொல்லி நீ அழைத்ததை ஏற்றுக்கொள்கிறேன். உன் வீட்டில் குளிர்ந்த அறை இருக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறது. இங்கே உன் அண்ணனை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் ரவிக்கையே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்பு. அவரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அவர் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்.

உன் வீட்டு அடுப்பும் உன் வாயும் ஒருநாளும் ஓயாமல் இருக்க வாழ்த்தும்,
உன் அண்ணி.

பின்குறிப்பு: கோழி கிறுக்கியதாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே, இது என் சொந்தக் கையெழுத்து. உறை வாங்க அவர் கடைக்குப் போயிருக்கிறார், எழுதியதைப் படித்துப் பார்த்தேன். திட்டெல்லாம் நான் சொன்னதுதான், ஒன்றையும் விடவில்லை. ஆனால் கார் அனுப்பு என்று நான் சொல்லவே இல்லை. வரமாட்டேன் என்றேன், ஏன் என்றும் நிறையச் சொன்னேன். மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே இதை எழுதியிருக்கிறார். என்னைப் பட்டினி போட்டுவிட்டதாக உள்ளுக்குள் இப்படிக் குமைந்துகொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஏதோ ஒரு ஸ்டூல் என்று தானாகச் சுருக்கி எழுதியிருக்கிறாரே, அது பழைய பஸ் டிரைவர் சீட். சக்கரம் வைத்து, பிரேக் வைத்து, அடுப்பு உயரத்துக்கு ஏற்றித் தந்திருக்கிறார். தினமும் காலையில் அதில் ராணி மாதிரி உட்கார்ந்து சமைக்கிறேன், ஜாடி மூடி திறப்பது அவர் வேலை. நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் துணைக்குத் தானும் ஒரு டம்ளர் குடிக்கிறார், இப்போது கழிப்பறை வாசலில் இரண்டு பேரும் வரிசையில் நிற்கிறோம். இவரை எனக்குக் கொடுத்த உங்கள் குடும்பத்துக்கு நான் நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். கார் வேண்டாம், சிட்டு. நான் கிளம்பிவிட்டால் இவர் மறுபடியும் கஞ்சியும் வெள்ளரிக்காயும்தான் சாப்பிடுவார், அதுவும் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனையாக.