கௌதாரி வீட்டு வெயில்

ஒரு காட்டில், மின்வாரியம் இருந்தும் மின்சாரம் இல்லாத காலத்தில், அங்கயற்கண்ணி என்றொரு கௌதாரி இருந்தாள். கணவனை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரை தேடப் போனால் முட்டை குளிரும். முட்டைமேல் உட்கார்ந்தால் வயிறு காயும். அதனால் மின்சாரத்தில் சூடாகும் கூடு ஒன்று வைத்திருந்தாள். போன மழைக்காலம் முழுக்க மின்வெட்டு. ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை.

அந்த ஆண்டு சிங்கராஜா முரசறைந்தார். "வெயில் எல்லோருக்கும் பொது! கூரைக்குக் கூரை சூரியத் தகடு போடுங்கள். பாதி விலையை அரண்மனை தரும். மிஞ்சும் மின்சாரத்தை வாரியமே வாங்கிக்கொள்ளும்."

கௌதாரி நம்பினாள். சேர்த்து வைத்திருந்த தினையை விற்றுத் தகடு போட்டாள். கூடு சூடானது. மிஞ்சியதில் பக்கத்துப் பொந்துக் கீரி மாசிலாமணி வீட்டிலும் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து முயல் போட்டது, முள்ளம்பன்றி போட்டது. அவர்கள் குடியிருந்த மேட்டுக்காடே பளபளத்தது.

வாரியத் தலைவர் கழுதைப்புலி அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா, மேட்டுக்காட்டிலிருந்து ஒருத்தனும் என் வாசலுக்கு வருவதில்லை. கும்பிடு போடக்கூட ஆளில்லை."

"தகடு போடத்தானே சொன்னேன்?" சிங்கம் திகைத்தது. "மின்சாரம் வேறு வருகிறதா?"

"வருகிறது மகாராஜா."

"அடப்பாவிகளா!"

மறுநாளே புது ஆணை வந்தது. மிஞ்சும் மின்சாரத்தை வாரியம் வாங்காது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் திருட்டு. தகட்டில் விழும் வெயிலுக்கு வாடகை. ஆய்வில் தேறாத தகட்டுக்குச் சீல்.

ஆய்வாளராக வந்தவர் ஆந்தையார். பொழுது சாய்ந்தபின் வந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல மின்சாரமே வரலையேம்மா?"

"சூரியன் இறங்கிருச்சு சார். காலையில வந்து பாருங்க."

"பகல்ல எனக்குக் கண்ணு தெரியாது."

"அப்புறம் எப்படி சார் உங்களை இந்த வேலைக்குப் போட்டாங்க?"

"சீனியாரிட்டிம்மா."

"உள்ள முட்டை இருக்கு சார்," என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, சீல் வைத்துவிட்டுப் பறந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கௌதாரி பட்டினியோடு முட்டைமேல் உட்கார்ந்தாள். எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் போனபோது மாசிலாமணி வந்தான்.

"நீ போய் ஏதாவது கொத்திட்டு வாக்கா. நான் பாத்துக்கிறேன்."

கீரி இனமே முட்டை தின்னும் இனம். வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே போனாள். ஓடோடித் திரும்பி வந்து பார்த்தால், மாசிலாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, எச்சில் ஒழுக, முட்டைகளை வயிற்றோடு அணைத்தபடி படுத்திருந்தான். மழை விடும்வரை அப்படியே மாறி மாறிக் காத்தார்கள். முட்டைகளெல்லாம் பொரித்தன.

குஞ்சுகளின் சத்தம் கேட்டு ஆந்தையார் வந்தார்.

"தகட்டுக்குச் சீல். கம்பியில மின்சாரம் இல்ல. அப்ப சூடு ஏது?"

"என் வயித்துச் சூடுதான் சார்," என்றான் மாசிலாமணி வெகுளியாக.

உரிமம் இல்லாமல் அண்டை வீட்டுக்குச் சூடு விநியோகித்த குற்றத்துக்காக அவனைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

அதே வாரம் அங்கயற்கண்ணிக்கு அரண்மனையில் 'சிறந்த சூரிய இல்லம்' விருது. சிங்கமே பொன்னாடை போர்த்தியது.

"ராஜா, என் தகடு வேலை செய்யலையே," என்றாள் அவள்.

"அதற்குத்தானே விருது," என்றது சிங்கம்.

நீதி: அரசன் விளக்கேற்றச் சொன்னால் ஏற்றுவது கடமை; அது எரிந்துவிட்டால் குற்றம்.