வெப்சைற்றில் எடுத்த லத்தீன் செபம்

பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் வரும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

யுத்தகாலம். வள்ளத்து எஞ்சின் திருத்துகிற என் அண்ணன் ஒரு வேலையாக வெள்ளாங்குளத்துக்குப் போன இரண்டாம் நாள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம், நாங்கள் மன்னார்த் தீவில். கடிதமில்லை, போனில்லை. அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழும்பிவிடுவார்.

அந்த நேரம்தான் எங்கள் பங்குத்தந்தை கோயிலுக்கு ஓர் இணையத்தளம் செய்யச் சொன்னார். ஆறு மாதக் கம்பியூட்டர் வகுப்பு முடித்த மேதை நான். (பாதி நாள் கரண்ட் இல்லை. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.) எழுதிய நிரலை எவரும் எடுத்துப் பாவிக்க விட்டுவிடுகிற திறந்த மூல இணையக்காரருக்கென்றே ஒரு செய்தித்தளம் அகப்பட்டது. யார் எதைப் புதிதாக எழுதினார், எதைச் சும்மா எடுக்கலாம் என்று கிழமைக்குக் கிழமை போடுவார்கள். என் இங்கிலீசுக்கு அதில் கால்வாசிதான் விளங்கும். முகம் தெரியாத மனிதர் தங்கள் உழைப்பை ஏன் எனக்குச் சும்மா தருகிறார்கள் என்பது அந்தக் கால்வாசியில் இல்லை.

அங்கேதான் ஒரு மாதிரிப் பக்கத்தை இறக்கினேன். மேலே மெழுகுதிரிப் படம், கீழே லத்தீனில் நான்கு பந்தி. விரும்பியபடி மாற்றலாம், ஒரு வரியை மட்டும் அழிக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு. எந்த வரி? குழம்பிப்போய் ஒன்றையுமே அழிக்காமல் விட்டேன். மெழுகுதிரியும் லத்தீனும் சேர்ந்தால் செபம்தானே?

தாளில் அடித்து அம்மாவிடம் காட்டினேன்.

"என்ன செபம் பிள்ளை?"

"பழைய செபம்போல கிடக்கு அம்மா."

"அண்ணாவுக்காகச் சொல்லலாமோ?"

"ஓம், சொல்லலாம்." (வாயைப் பொத்தியிருக்கலாம்.)

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலே நாளில் அம்மா மனப்பாடம். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களும்.

மூன்றாம் கிழமை எங்கள் வீட்டில் செபமாலை. பாதரும் வந்தார். கடைசிப் பத்து மணிக் காரணிக்கமும் முடிந்ததும் அம்மா கண்ணை மூடி அதைத் தொடங்க, பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாதரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"இதை எங்கை படிச்சனீங்கள் அம்மா?"

"மகள் வெப்சைற்றில எடுத்தவள், பாதர்."

தாளை வாங்கி வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"பிள்ளை, இது செபமில்லை. வசனமே அரைவாசியில தொடங்குது. அச்சுக்கூடத்தில கண்டிருக்கிறன். எழுத வேண்டியது வருமட்டும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறதுக்குப் போடுற எழுத்து."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தைவிடப் பயம்தான் கூட. அண்ணன் வராமல் போனால் பழி என் தலையில்.

"அப்ப மூண்டு கிழமையா ஆண்டவருக்கு நான் என்னத்தைச் சொன்னனான், பாதர்?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

பாதர் தாளை மடித்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார். "மகன் வரோணும் எண்டு சொன்னனீங்கள். வேறை என்ன?"

மறுநாளே நான்கு பந்தியையும் அழித்துப் பூசை நேரங்களைப் போட்டேன். அம்மா மட்டும் அதைச் சொல்வதை விடவில்லை. அடுத்த மாதம் ஒரு நாள் பாதை திறந்தது. எலும்பும் தோலுமாய் அண்ணன் வந்து நின்றார். கதிரையில் இருக்கவும் விடாமல் அவரை முழந்தாளில் இருத்தி, அம்மா அந்த நான்கு பந்தியையும் சொல்லி முடித்தார்.

"இதென்ன பாசை அம்மா?"

"தங்கச்சியைக் கேள்."

சொன்னேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்தே அழுதும்விட்டார்.

இப்போது அவர் கனடாவில். நான் இணையத்தளம் செய்தே சீவிக்கிறேன், எந்தத் தளத்திலும் அந்தப் பந்திகளை அழிப்பதுதான் என் முதல் வேலை. போன மாதம் அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, அண்ணா நாளைக்குப் பிளேன் ஏறுறான். ரெண்டாம் பந்தியில எனக்கு ஒரு வரி விடுபடுது. ஒருக்காப் பாத்துச் சொல்லு."

தேடி எடுத்து, சொல் சொல்லாகச் சொன்னேன்.