ஒலியானந்தரின் காதில் ஒரு நூல்

ஒலியானந்தர் ஒருமுறை ஊதினால் செவிடு ஓடிப்போகும் என்றார்கள். எங்கே ஓடுகிறது, அடுத்து யார் காதில் போய்ப் புகுகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கே வாடகை மண்டபத்து வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை வரிசை நின்றது. காது கேட்காதவர்கள் கூடிய இடம். இரைச்சலுக்குக் கேட்கவா வேண்டும்? ஆளாளுக்குப் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வரிசையின் நடுவில் தையல்காரம்மாவும் அவள் கணவரும். முப்பத்திரண்டு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர் அவர். ரயில் சம்பளத்தைக் கொடுத்தது, காதை எடுத்துக்கொண்டது. மகள் ஆசையாக வாங்கித் தந்த இரண்டு காதுக் கருவிகளும் இப்போது சட்டைப்பையில் கிடந்தன. மாட்டினால் வலித்தது. வாயைத் திறந்தால் விசிலடித்தது. ஒரு வாரம் கழித்து வாருங்கள், காதுக்குத் தகுந்தபடி சரிசெய்து தருகிறேன் என்று கருவி பொருத்திய பெண் சொல்லித்தான் அனுப்பினாள். இவர் போகவில்லை.

"எஞ்சினையே அடக்கினவன் நான். பட்டாணி சைஸ் மெஷினுக்காக மறுபடியும் போய் நிக்கணுமா?"

"நீங்க அடக்கின எஞ்சின் உங்க காதுக்குள்ள உக்காரலையே," என்றாள் அவள். அவர் சிரித்துத் தலையாட்டினார். காதில் விழவில்லை என்று அர்த்தம்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பேசிப் பேசியே வளர்ந்த தாம்பத்தியம் அது. இப்போது தலை வலிக்கிறது என்று அவள் சொன்னாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல்.

ஒலியானந்தருக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கருவியைக் கூடையில் போட்டுவிட வேண்டும். போட்டது போட்டதுதான், திரும்ப வராது. "விசிலடிக்கிறது மெஷின்னு நினைக்காதீங்க. உள்ள மாட்டிக்கிட்ட சத்தப் பேய் அது," என்பது அவர் வாக்கு. நிரம்பிய கூடை பின்வாசல் வழியாக எங்கே போகிறது என்பது தெய்வ ரகசியம். பழைய கருவி விற்கும் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் அந்த ரகசியம் தெரியும்.

மேடையில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் மண்டியிட்டார். காதில் இரண்டு சொட்டு எண்ணெய். செப்புக் குழாயால் ஓர் ஊதல். பிறகு ஒலியானந்தர் மைக்கோடு அவருக்கு நேர் எதிரே நின்று, வாயை அகலத் திறந்து கேட்டார்.

"பேரு என்ன? இப்ப கேக்குதா?"

"நல்லாக் கேக்குது சாமி."

கைதட்டல் கூரையைத் தொட்டது. தையல்காரம்மா கைதட்டவில்லை. முன்னால் போன மூன்று பேருக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

குணமான மளிகைக்கடைக்காரர் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்று அவள் சாதாரணக் குரலில் சொன்னாள்: "அண்ணே, சட்டை முதுகுல கிழிஞ்சிருக்கு."

குணமானவர் கிழிசலோடு புன்னகைத்தபடி போய்க்கொண்டே இருந்தார்.

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. கருவிகளை எடுத்துக்கொண்டு கணவரின் கை கூடைக்கு மேலே நீண்டது. "கொஞ்சம் இருங்க," என்று அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒலியானந்தரின் தலைப்பாகை ஓரத்திலிருந்து, காது மடலைச் சுற்றி உள்ளே இறங்கும் கண்ணாடி நிற நூல் ஒன்று. துணியில் ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"சாமி, காதுல நூல் தொங்குது. எடுத்து விடறேன்."

"வேண்டாம் தாயே, தொடாதே."

தாய் தொட்டாள். உள்ளங்கையால் அந்தக் காதை அப்படியே பொத்தினாள்.

கீ என்று ஒரு விசில். பக்கத்திலிருந்த மைக் அதை வாங்கி, காது கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி மண்டபம் முழுக்கப் பரப்பியது. ஒலியானந்தர் அன்று செய்த ஒரே உண்மையான அற்புதம் அதுதான்.

"பேய் உங்களையும் பிடிச்சிருக்கா சாமி?"

தலைப்பாகை நழுவியது. காதுக்கு ஒன்றாக, தோல் நிறத்தில் இரண்டு கருவிகள். கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. தையல்காரம்மாவே குறை சொல்ல முடியாத கச்சிதம்.

எஞ்சின்காரருக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. கிட்டே போய்க் கேட்டார். "உங்களுக்கு வலிக்கலையா?"

"முதல்ல வலிச்சதுங்க," ஒலியானந்தரின் குரல் இறங்கிவிட்டது. மைக்தான் இறங்கவில்லை. "நாலு தடவை போய், காதுக்குள்ள போற முனையை மாத்தின பிறகுதான் சரியாச்சு." பிறகு பழக்கதோஷத்தில் எஞ்சின்காரர் உள்ளங்கையிலிருந்த கருவிகளை எட்டிப் பார்த்தார். "சிவப்புப் புள்ளி வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. நீங்க எப்படி மாட்டினீங்க?"

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு சிவப்பு சிக்னலையும் தவறவிடாதவர், அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வலதை வலதிலும் இடதை இடதிலும் மாட்டினார். விசில் இல்லை.

தையல்காரம்மா அவர் முதுகுக்குப் பின்னால் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, வீட்டுக்குப் போலாமா?"

"முதல்ல மெஷின் மாட்டிவிட்ட பொண்ணுகிட்ட போவோம்," என்றார் அவர், திரும்பாமலே. "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்துது."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேடையில் கூட்டம் கூடையைக் கவிழ்த்துத் தத்தம் கருவியைத் தேடிக்கொண்டிருந்தது. தன் காதுக்கு நிபுணர், ஊரார் காதுக்கு எண்ணெய் என்று வைத்திருந்த மனிதர் பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த மண்டபத்தில் அடுத்த ஆனந்தர் வரத்தான் போகிறார். அவர் உங்கள் காதில் ஊதுவதற்கு முன், நீங்கள் ஒருமுறை அவர் காதை எட்டிப் பாருங்கள்.